போலீஸ் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போன வழக்கு: தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகள் செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில்தான் மோட்டார் ஓட்டப் பழகுகிறார்கள். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் கை நன்றாகப் பழகிவிடுகிறது. லைசன்ஸ் எடுப்பது மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. பிறகு ஒரு நாள் டவுனுக்குப் போகும் வழியில் போலீஸ் தடுப்பு நிற்கிறது. பையன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுகிறான்.

எதற்குப் பயந்து ஓடினானோ அது பெரும்பாலும் சிறிய குற்றம். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26(1) பிரிவில் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓடிய விதம் ஆபத்தாக இருந்தது என்று 42(1) பிரிவில் குற்றம் சாட்டப்பட்டால், 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும். இரண்டாவதில் ‘அல்லது’ என்ற சொல்லே கிடையாது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. அதற்கு மேல் லைசன்ஸ் வைத்திருக்கும் தகுதியையும் நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் பறிக்கும்.

ஓடியாகிவிட்டது, பிடிபட்டாகிவிட்டது, அல்லது வீட்டுக்குப் போலீஸ் வந்துவிட்டது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இந்த வழக்குகளில் குடும்பங்கள் அதிகம் இழப்பது நீதிபதி முன்னால் அல்ல. முதல் இரண்டு மூன்று நாளில், எந்தப் பிரிவு என்றுகூடக் கேட்காமல் சொல்வதையும் செய்வதையும் வைத்துத்தான்.

முதலில் கேட்க வேண்டியது: எந்தப் பிரிவு?

‘போலீஸிடம் இருந்து ஓடினான்’ என்பது ஊர்ப்பேச்சு. நீதிமன்றத்துக்கு வரும்போது அது பின்வரும் பிரிவுகளில் ஒன்றாகவோ, இரண்டு மூன்று சேர்ந்தோ வரும். விசாரணை அதிகாரியிடம் பெயர், தொலைபேசி எண், போலீஸ் புகார் எண், பிரிவு எண் நான்கையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

தண்டனைச் சட்டம் 186: அரசு ஊழியர் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, லைசன்ஸ் பறிப்பும் கிடையாது. ஆனால் தண்டனைச் சட்டக் குற்றம் என்பதால் பதிவு உறுத்தும்.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 42(1): மேலே சொன்ன ஆபத்தான ஓட்டம். எதிர்த்திசையில் ஓட்டியது, சிவப்பு விளக்கை மீறியது, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஓட்டியது, மற்ற வண்டிகளை ஒதுங்க வைத்தது போன்றவற்றைக் காட்டி இதைப் போடுவார்கள். ‘தோட்டத்துக்குள்தானே ஓட்டினான், அது ரோடா?’ என்று பலர் கேட்கிறார்கள். பொதுமக்கள் போய்வரும் வழி எதுவானாலும் சட்டத்தின் கண்ணில் அது சாலைதான். தோட்டத்தின் நடுவே பள்ளி வேனும் கோயிலுக்கு வருகிறவர்களும் போகிற பாதைக்கு அந்த வாதம் நிற்காது. கேட் போட்டு, காவலாளி வைத்து, வெளியார் யாரும் நுழைய முடியாத உள்பாதை என்றால் வழக்கறிஞரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் 26: போலீஸ் தடுப்பில் நிறுத்தச் சொன்ன சைகையை மதிக்காமல் போனது.

இவை போக, போலீஸ்காரர் மேல் மோட்டார் இடித்திருந்தாலோ, அவரை நோக்கி ஓட்டியதாகச் சொல்லப்பட்டாலோ, கதை வேறு. தண்டனைச் சட்டத்தின் 353 (தடுக்கும் நோக்கில் பலப்பிரயோகம்), 332 (அரசு ஊழியரைக் காயப்படுத்தியது), மோசமான நிலையில் 307 (கொலை முயற்சி) வரை போகும். 307இல் 10 ஆண்டு வரை சிறை. காயம் பட்டிருந்தால் 20 ஆண்டு வரை. இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தால், வழக்கறிஞர் வரும் வரை குடும்பத்தில் யாரும் சம்பவத்தைப் பற்றி எந்த விளக்கமும் கொடுக்க வேண்டாம்.

கைதானவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை செய்வதும் வழக்கம். போதைப்பொருள் இருப்பது உறுதியானால் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவு தனி வழக்காக வரும். 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. பையன் மருத்துவமனை மருந்து ஏதாவது சாப்பிடுகிறவன் என்றால், அந்த மருந்து அட்டையை உடனே நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தப்பி வீட்டுக்கு வந்துவிட்டான் என்றால்

விஷயம் முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மோட்டார் எண் பதிவாகியிருக்கும். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி வண்டியின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் வரும்: அந்த நேரத்தில் ஓட்டியது யார்? தோட்டத்தில் பெரும்பாலும் மோட்டார் அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருக்கும். நோட்டீஸைத் தூக்கிப் போட்டால் அதுவே ஒரு குற்றம். லைசன்ஸ் இல்லாதவனிடம் மோட்டாரைக் கொடுத்தது 26(2) பிரிவில் சொந்தக்காரர் மேலும் வரும்.

இந்தக் கட்டத்தில் குடும்பங்கள் பாசத்தில் செய்யும் மூன்று காரியங்கள் வழக்கைக் கெடுக்கின்றன.

லைசன்ஸ் உள்ள அண்ணனோ அப்பாவோ ‘நான்தான் ஓட்டினேன்’ என்று போய் நிற்பது. போலீஸ்காரரின் உடல் கேமராவிலோ, பெட்ரோல் நிலையக் கேமராவிலோ பையனின் உருவம் இருந்தால், இப்போது இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்குத் தண்டனைச் சட்டம் 182 பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘மோட்டார் திருடு போய்விட்டது’ என்று புகார் கொடுப்பது. அதே 182. நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓடியது இரவு 11 மணிக்கு, புகார் கொடுத்தது 12 மணிக்கு.

நம்பர் பிளேட்டைக் கழற்றுவது, சாயம் மாற்றுவது, மோட்டாரைத் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் மறைப்பது. சாட்சியத்தை மறைத்தது என்று இன்னொரு பிரிவு சேரும். பயந்துபோய் ஓடினான் என்று சொல்லும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது. மோட்டாரை இருக்கும் இடத்திலேயே விடுங்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். பகல் நேரத்தில், அடையாள அட்டையோடு, பெற்றோரில் ஒருவரும் முடிந்தால் வழக்கறிஞரும் கூட வர, நிலையத்துக்குப் போங்கள். தானாக வந்து நின்றான் என்பது வழக்கு முடியும் வரை அவனுக்குத் துணையாக இருக்கும். விடியற்காலை லயன் வீட்டுக் கதவைத் தட்டி, அக்கம்பக்கம் பார்க்க விலங்கு மாட்டி அழைத்துப் போவதைவிட இது எல்லாவிதத்திலும் மேல்.

கைதான முதல் 24 மணி நேரம்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு கைதானவனுக்கு மூன்று உரிமைகளைத் தருகிறது: எதற்காகக் கைது என்று தெரிந்துகொள்வது, உறவினர் ஒருவருக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்வது, வழக்கறிஞரைத் தொடர்புகொள்வது. கேள்வி கேட்பதற்கு முன்பே போலீஸ் இதைச் சொல்ல வேண்டும். பையன் கேட்க மறந்தாலும், வெளியே இருக்கும் நீங்கள் நிலையத்துக்குப் போய் மரியாதையாகக் கேட்கலாம். குரலை உயர்த்த வேண்டாம். அங்கே கூட்டமாகப் போய் நிற்கவும் வேண்டாம். ரெண்டு பேர் போதும்.

112ஆவது பிரிவில் வாக்குமூலம் எடுப்பார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் கேட்டால் சொல்ல வேண்டும். தன் மேலேயே குற்றத்தைக் கொண்டுவரும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சட்டமே அந்த அனுமதியைத் தருகிறது. ‘வழக்கறிஞர் வந்த பிறகு சொல்கிறேன்’ என்றால் போதும். பொய் மட்டும் சொல்லக்கூடாது. பேசாமல் இருப்பது உரிமை. பொய் சொல்வது குற்றம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மலாய் சரியாகப் புரியாதவன் என்றால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘சும்மா கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போகலாம்’ என்று யார் சொன்னாலும், புரியாத தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. தவறாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இடலாம்.

24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் கேட்க வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களுக்கு முதல் முறை 4 நாள், இரண்டாவது முறை 3 நாள், அதற்கு மேல் கிடையாது. ரிமாண்ட் கேட்கும் காலையில் பையனும் பேசலாம். வழக்கறிஞர் இல்லாவிட்டாலும் அவன் சொல்ல வேண்டியவை மூன்று: படிக்கிறேனா வேலை செய்கிறேனா, வீட்டு முகவரி என்ன, அடிபட்டிருந்தால் எங்கே அடிபட்டது.

அடிபட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். துரத்தலில் விழுந்தும் அடிபடும், பிடிக்கும்போதும் அடிபடும். எப்படிப் பட்டிருந்தாலும் மாஜிஸ்திரேட்டிடம் அன்றே சொல்ல வேண்டும், வெளியே வந்த அன்றே அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளுவாங்கில் என்றால் என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், காயத்தைத் தேதி தெரிய படம் எடுங்கள். பிடித்தவர்கள் அடித்தார்கள் என்றால் வேறொரு நிலையத்தில் புகார் செய்யலாம். 2023 ஜூலையில் இருந்து செயல்படும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் எழுதலாம். ஒரு வாரம் கழித்துச் சொல்லும் காயத்தை யாரும் நம்புவதில்லை.

18 வயது ஆகாதவன் என்றால்

2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் பொருந்தும். கைதானதும் பெற்றோருக்கும் சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும்; பெரியவர்களோடு ஒரே அறையில் அடைக்கக்கூடாது; வழக்கு சிறார் நீதிமன்றத்தில், கதவை மூடிக்கொண்டு நடக்கும். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள். பத்திரிகையில் பெயரோ படமோ வரக்கூடாது. இந்த இடத்தில் குடும்பத்துக்கும் பொறுப்பு இருக்கிறது: தம்பியைப் பிடித்ததை அண்ணன் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே போய்விடுகிறது.

ஓட்டியவனுக்கு 17, பின்னால் உட்கார்ந்தவனுக்கு 20 என்று இருவர் மேலும் சேர்த்துக் குற்றம் சாட்டினால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். அதனால் இருவரின் குடும்பமும் தனித்தனி வழக்கறிஞர் வைப்பது நல்லது. நண்பர்களாக இருந்தாலும் இருவரின் நலனும் ஒன்றல்ல. பின்னால் உட்கார்ந்தவன் மேல் ஆபத்தான ஓட்டக் குற்றம் நிற்காது. அவன் பெரும்பாலும் சாட்சியாவான்.

நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வருவார். அவர் எழுதும் அறிக்கைதான் சிறார் நீதிமன்றத்தில் அதிகம் படிக்கப்படும் தாள். வேலை நேரம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். தோட்ட அலுவலகத்தில் அரை நாள் லீவு கேளுங்கள். பள்ளி வருகைப் பதிவு, ஆசிரியர் கடிதம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவில் பையனைக் கவனிப்பது யார் என்ற விவரங்களைத் தயாராக வையுங்கள். குறையே இல்லாத வீடு போலக் காட்ட முயல வேண்டாம். அப்பா இரவு ஷிப்ட், அம்மா மில்லில், பையன் தனியாக இருக்கிறான் என்றால் அப்படியே சொல்லி, இனி என்ன ஏற்பாடு செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பாட்டி வீட்டில் தங்க வைப்பதா, மோட்டார் சாவி யாரிடம் இருக்கும், இவையெல்லாம் அவருக்கு வேண்டிய விவரம்.

வழக்கறிஞர்

காசு இல்லை என்று யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. தேசிய சட்ட உதவி அறவாரியம், மலாயில் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், 2012இல் இருந்து குற்றவியல் வழக்குகளில் மலேசியக் குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது. ரிமாண்ட் நடக்கும் நீதிமன்றத்தில் அவர்கள் வழக்கறிஞர் இருக்கிறாரா என்று நீதிமன்ற ஊழியரிடம் கேளுங்கள். முழு வழக்குக்கு வருமானத்தைப் பார்ப்பார்கள், அதனால் அப்பா அம்மா இருவரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் மாநிலம்தோறும் இருக்கிறது. சிவப்பு அடையாள அட்டை உள்ளவர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்), பத்திரமே இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் மையத்தை அணுகிப் பார்க்கலாம்.

சொந்தமாக வைப்பதானால் கட்டணம் எவ்வளவு, அதில் எத்தனை முறை நீதிமன்றம் வருவது சேரும், முழு விசாரணை நடந்தால் தனியா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நீதிமன்ற வாசலில் ‘உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துக் கொடுக்கிறேன்’ என்று ஒருவர் வருவார். அவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். ‘உங்கள் மகன் லாக்கப்பில் இருக்கிறான், இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்’ என்று வரும் அழைப்பும் மோசடிதான். போனை வைத்துவிட்டு நிலையத்துக்கு நேரில் போங்கள். அதிகாரியிடம் ‘காப்பிக் காசு’ நீட்டுவது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 20 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மோட்டார் வழக்கு அதோடு சின்னதாகிவிடும்.

ஜாமின்

ஜாமின்தாரர் மலேசியக் குடிமகனாக, நிலையான முகவரியும் வருமானமும் உள்ளவராக இருந்தால் நல்லது. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் மூன்றோடும் காலை எட்டரைக்கே நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். பலர் மதியம் தொகை தெரிந்த பிறகுதான் பணத்துக்கு ஓடுகிறார்கள். கவுண்டர் மூடிவிட்டால் பையன் அன்றிரவு சிறைக்குப் போவான். தொகை எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டு மூன்று உறவினர்களிடம் முந்தின நாளே பேசி வையுங்கள். ஜொகூரில் 2025 ஜனவரியில் இருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு. பழைய பழக்கத்தில் வெள்ளிக்கிழமை நீதிமன்றம் மூடியிருக்கும் என்று எண்ணி யாரும் வராமல் இருந்துவிடக்கூடாது.

நிபந்தனைகளைக் கவனமாகக் கேளுங்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னால், சிங்கப்பூரில் வேலை செய்கிறவனுக்கு அன்றோடு வேலை போய்விடும். அது அவன் வயிற்றுப்பாடு என்றால், வேலை அனுமதிச் சீட்டையும் முதலாளி கடிதத்தையும் காட்டி, வழக்கறிஞர் அந்த நேரத்திலேயே விதிவிலக்கு கேட்க வேண்டும்.

அடுத்த தேதிக்கு வராமல் போனால் கைது ஆணை பிறக்கும், ஜாமின் பணமும் போகும். தேதியை வீட்டு நாட்காட்டியில் எழுதுங்கள், ஜாமின்தாரரிடமும் சொல்லுங்கள்.

நீதிமன்றத்தில் முதல் நாள்

கழுத்துப்பட்டி உள்ள சட்டை, நீளக் கால்சட்டை, ஷூ. சிலிப்பர் போட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள். பெயர் கூப்பிட்டதும் மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைப் படிப்பார். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், அது சலுகையல்ல. புரிந்ததா என்று கேட்பார்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்ற கேள்வி: ‘மெங்ஙாக்கு சாலா’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது, விசாரணை கோரினால் வழக்கு நடக்கும். முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ளும்படி சொல்பவர்கள் நிறைய. ‘சீக்கிரம் முடிந்துவிடும், அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்’ என்பார்கள். 42(1) குற்றச்சாட்டாக இருந்தால் அப்படி முடியாது. சிறையும் லைசன்ஸ் பறிப்பும் அந்த ஒரு சொல்லோடு வருகின்றன. வழக்கறிஞர் இல்லாமல் நிற்கிறவன் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: ‘மிந்தா தெம்போ உந்துக் லாந்திக் பெகுவாம்’, வழக்கறிஞர் வைக்க அவகாசம் வேண்டும். கேட்டால் பெரும்பாலும் ஒரு தேதி கொடுப்பார்கள்.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51A பிரிவின்படி அரசுத் தரப்பு, விசாரணை தொடங்குமுன் போலீஸ் புகாரின் நகலையும் சாட்சியமாக வைக்கப்போகும் ஆவணங்களையும் தர வேண்டும். அவற்றைப் படித்த பிறகுதான் ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். வழக்கறிஞர் அதில் பார்ப்பவை: நிறுத்தச் சொன்னது எப்படி, கையாலா, டார்ச்சாலா, சைரனா? எவ்வளவு தூரத்தில் இருந்து? அந்த இடத்தில் தெரு விளக்கு இருந்ததா? போலீஸ் சீருடையில் இருந்தார்களா, அடையாளமுள்ள வண்டியா? ஹெல்மெட் போட்டிருந்த ஓட்டுநரை எப்படி அடையாளம் கண்டார்கள்? மோட்டார் எண்ணை மட்டும் வைத்து என்றால், ஓட்டியது இவன்தான் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 42(1)இல் வேகம் மட்டும் போதாது. சாலையின் நிலை, அகலம், அந்த நேரத்துப் போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பொதுமக்களுக்கு ஆபத்து என்று சொல்ல முடியும்.

கடைக் கேமரா, பெட்ரோல் நிலையக் கேமராப் பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே கடைக்காரரிடம் போய்ப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதை யாரும் செய்வதில்லை. பிறகு விசாரணையில் வெறும் வாய்ச்சொல்தான் மிஞ்சுகிறது.

சாதாரண உடையில் இருந்தவர்கள் இருட்டான தோட்டப் பாதையில் விரட்டினார்கள், கொள்ளைக்காரர்கள் என்று பயந்து ஓடினேன் என்பது சில வழக்குகளில் உண்மை. அதற்குச் சாட்சியாக நிற்பது அடுத்து அவன் செய்த காரியம். வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ போனானா, 999க்கு அழைத்தானா? செம்பனைக்குள் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. சீருடை இல்லாத போலீஸிடம் அதிகாரச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்: இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம், அதற்குக் கீழ் மஞ்சள், துணைப்படையினருக்கு வெள்ளை. சிவப்பு என்றால் பணியிடைநீக்கம் செய்யப்பட்டவர்; அவருக்கு அதிகாரம் இல்லை.

அரசுத் தரப்புச் சாட்சியங்கள் பலமாக இருந்தால் அடுத்த வழி ரெப்ரெசென்டேஷன் கடிதம். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு உங்கள் வழக்கறிஞர் எழுதுவது: 186ஐ ஒப்புக்கொள்கிறோம், 42(1)ஐ மீட்டுக்கொள்ளுங்கள் என்றோ, பிரிவைக் குறையுங்கள் என்றோ. வயது, முதல் குற்றம், யாருக்கும் காயமில்லை, தானாக வந்து நின்றது ஆகியவற்றுக்குச் சான்றுகளை இணைக்க வேண்டும். இந்தப் பேரம் எல்லாருக்கும் ஒன்றல்ல. லாரி ஓட்டிப் பிழைக்க நினைப்பவனுக்கு லைசன்ஸ் உயிர். அவனுக்கு 186 மேல். ஆனால் எந்தப் பிரிவானாலும் தண்டனை பதிவாகும். அரசாங்க வேலைக்கு மனுப் போட இருப்பவன் அதை நினைத்துப் பார்த்து, வாதாட இடமிருந்தால் வாதாடுவதுதான் சரி.

தண்டனைக்கு முன் கொடுக்க வேண்டியவை

ஒப்புக்கொண்டால் வழக்கின் விவரத்தைப் படிப்பார்கள். அதில் உண்மையில்லாத வரி இருந்தால் ஏற்காதீர்கள். ‘போலீஸ்காரரை இடிக்கப் பார்த்தான்’ என்ற ஒரு வரி தண்டனையையே மாற்றிவிடும். பிறகு தண்டனைக் குறைப்பு வேண்டுகோள். தோட்ட நிர்வாகியின் கடிதம், சம்பளச் சீட்டு, படிப்புச் சான்றிதழ், பெற்றோரின் மருத்துவ அட்டை, தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்த கடிதம் போன்றவை இரண்டு நகலோடு இருக்கட்டும். சம்பவத்துக்குப் பிறகு அவன் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து எல் லைசன்ஸ் எடுத்திருந்தால், அந்த ரசீது பத்துக் கடிதத்துக்குச் சமம். மோட்டாருக்கு 16 வயதிலும் காருக்கு 17 வயதிலும் எடுக்கலாம்.

18 முதல் 21க்கு உட்பட்டவர்களை இளம் குற்றவாளிகளாகப் பார்க்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆவது பிரிவில், சிறைக்குப் பதில் நன்னடத்தைப் பிணையோ, மொத்தம் 240 மணி நேரம் வரை சமூக சேவையோ கேட்க இடமிருக்கிறது. 186 போன்ற பிரிவில் இதைக் கேட்பது எளிது. குறைந்தபட்ச அபராதம் எழுதியிருக்கும் 42(1)இல் கடினம். பிரிவு எண்ணை இத்தனை தூரம் வலியுறுத்துவது இதனால்தான்.

தீர்ப்புக்குப் பிறகு

அபராதத்தை ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால், தீர்ப்பு சொன்ன உடனேயே தவணை கேளுங்கள். கட்டாமல் போனால் அதற்குப் பதில் சிறை. மேல்முறையீட்டு அறிவிப்பை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சிறைத் தண்டனை என்றால் அதை நிறுத்தி வைக்கும் மனுவை அன்றைக்கே கேட்க வேண்டும், அடுத்த வாரம் கேட்டால் பையன் உள்ளே இருப்பான்.

தகுதி பறிக்கப்பட்ட காலத்தில் கடைக்குப் போய் வரக்கூட ஓட்டக்கூடாது. அது தனிக் குற்றம். அந்த நிலையில் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கும். ஆயுசுக்கும் கட்ட வேண்டிய கடனாக அது வந்து நிற்கும்.

மோட்டார் வழக்குப் பொருளாக நிலையத்தில் இருந்தால், வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டுத் துருப்பிடித்த மோட்டார்கள் பல. வண்டியின் கிராண்ட் (பதிவுப் பத்திரம்), சொந்தக்காரரின் அடையாள அட்டை, நடப்பிலுள்ள காப்புறுதி, ரோட் டெக்ஸ் வேண்டும். தவணையில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். ரோட் டெக்ஸ் முடிந்திருந்தால் ஓட்டி வராதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

ஜாமின் பணம் தானாக வீடு தேடி வராது. பையன் போனால் கொடுக்கமாட்டார்கள். ஜாமின் போட்டவரே அடையாள அட்டையும் ரசீதுமாக நீதிமன்றக் கவுண்டருக்குப் போய், விடுவிப்புக் கடிதம் வாங்கிப் பணத்தை எடுக்க வேண்டும். ரசீதை வழக்கு முடியும் வரை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், அந்தத் தாளின் மை சீக்கிரம் மங்கிவிடும்.